இலை ஒன்று கூடுதலாக: நெல்லைச் சீமைக் கிறிஸ்தவ வீடுகளில் அந்நியரை உபசரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிக்காரர்களுக்கு விருந்து வைக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஞானஸ்நானம், திடப்படுத்தல், வீட்டுப் பிரதிஷ்டை, கல்யாணம், மறுவீடு என்று எதற்கும் இலை போட்டுவிடுவோம். அப்படியிருக்க இதற்கு ஒரு வழிகாட்டி எதற்கு?

மண்டப வாசலில் ஒரு மேசை போட்டிருக்கும். அங்கே ஒருவர் நோட்டை விரித்து மொய் எழுதிக்கொண்டிருப்பார். யார் எவ்வளவு செய்தார்கள் என்பது இருபது ஆண்டுகளானாலும் அந்த நோட்டில் இருக்கும். நாமும் பார்த்துத்தான் திருப்பிச் செய்வோம். நான் மொய்யைக் குறை சொல்லவில்லை. கஷ்டகாலத்தில் அது பல குடும்பங்களைத் தாங்கியிருக்கிறது. ஆனால் லூக்கா 14ஆம் அதிகாரத்தில் இயேசு பேசுவது இந்த நோட்டைப் பற்றித்தான். சிநேகிதரையும் பந்துஜனங்களையும் பணக்கார அயலகத்தாரையும் அழைத்தால் அவர்களும் உன்னை அழைப்பார்கள், அது "பதிலுக்குப் பதில் செய்ததாகும்" என்கிறார். நோட்டில் எழுத முடியாத ஆட்களை அழைக்கச் சொல்கிறார். நம்முடைய சிக்கல் கஞ்சத்தனம் அல்ல. விருந்தை மிகப் பெரிதாக்கிவிட்டோம். ஆட்டுக்கறியும் மூன்று கூட்டும் இல்லாமல் யாரையும் கூப்பிட முடியாது என்று ஆனபிறகு, திருப்பிக் கூப்பிடக்கூடியவர்களை மட்டும்தான் கூப்பிட முடிகிறது. இந்த வழிகாட்டி முழுக்க விருந்தைச் சிறிதாக்குவது பற்றியதுதான்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன், பிறந்தது தேரிக்காட்டு ஓரத்துக் கிராமம் ஒன்றில். கீழே சொல்லியிருப்பவற்றில் பாதி நான் தவறாகச் செய்து கற்றுக்கொண்டவை.

தொடங்குமுன்: நாடுங்கள் என்ற சொல்

ரோமர் 12:13இல் பவுல், "அந்நியரை உபசரிக்க நாடுங்கள்" என்று எழுதுகிறார். உபசரிப்பு என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருக்கும் சொல் பிலோக்ஸெனியா. அந்நியர்மேல் வைக்கும் அன்பு என்று பொருள். நாடுங்கள் என்பதற்கு அங்கே இருக்கும் வினைச்சொல் துரத்திப் பிடிப்பதைக் குறிப்பது. அடுத்த வசனத்தில் "துன்பப்படுத்துகிறவர்கள்" என்று வருவதும் அதே வினைதான். வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பதல்ல. எழுந்து தேடிப் போ என்பது. தமிழிலும் விருந்து என்ற சொல்லின் பழைய பொருள் புதுமை. அத்தை மகன் வந்து சாப்பிட்டால் அது உறவு. முன்பின் தெரியாதவர் வந்தால்தான் விருந்து.

நெல்லைச் சபைகளுக்கு இது அந்நியமான பாடமும் அல்ல. விசுவாசத்திற்காக வீடு வாசலை இழந்து துரத்தப்பட்டவர்களுக்குப் புகலிடமாக, 1799இல் தாவீது சுந்தரானந்தம் முன்னின்று உருவாக்கிய குடியிருப்புதான் முதலூர். இன்று முதலூர் என்றதும் மஸ்கோத் அல்வாதான் நினைவுக்கு வருகிறது. ஊர் பிறந்ததோ ஓடி வந்தவர்களுக்கு ஒண்ட இடம் வேண்டும் என்பதற்காக. 1901இல், தேவதாசியாகக் கோயிலுக்கென்று விடப்பட இருந்த ஒரு சிறுமி பெருங்குளத்திலிருந்து தப்பிப் பண்ணைவிளையில் இருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் வந்து சேர்ந்தாள். அந்த ஒரு பிள்ளைக்குக் கதவைத் திறந்ததிலிருந்துதான் பின்னாளில் டோனாவூர் குழந்தைகள் இல்லம் வளர்ந்தது. திட்டம் போட்டு, கமிட்டி கூட்டித் தொடங்கியது அல்ல அது.

முதல் படி: யாரை?

ஒரு தாளை எடுத்து, கடந்த ஓராண்டில் உங்கள் வீட்டில் கைநனைத்தவர்களின் பெயரை எழுதுங்கள். உறவினர்களை அடித்துவிடுங்கள். மொய் உறவு உள்ளவர்களையும் அடித்துவிடுங்கள். ஐயரையும் (எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை அப்படித்தான் அழைப்போம்) உபதேசியாரையும்கூட அடித்துவிடுங்கள். அவர்களை அழைக்க ஆள் உண்டு. மீதி எத்தனை பெயர்? முதல் தடவை நான் எழுதியபோது மிஞ்சியது சமையல் எரிவாயு உருளை கொண்டுவரும் பையன் ஒருவன். அவனும் தண்ணீர்தான் குடித்திருந்தான்.

இனி வேறு பட்டியல். நம் பக்கத்தில் அந்நியர் என்றால் யார்? பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்கும் விடுதிகளுக்கும் குறைவில்லை. வெளியூர்ப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் சுவரோரமாகப் போய்விடுவார்கள். கட்டட வேலைக்கு வந்திருக்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனியாகக் கிடக்கும் முதியவர்கள் ஒவ்வொரு சபையிலும் உண்டு. அவர்களிடம் பணம் இருப்பதால் யாரும் அவர்களை ஏழைகள் கணக்கில் சேர்ப்பதில்லை. புருஷனை இழந்த பிறகு விசேஷங்களுக்கு அழைப்பு நின்றுபோன பெண்கள் உண்டு.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குச் சுற்று மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். நோயாளிக்குக் கட்டில் உண்டு. கூட வந்தவர்களுக்கு?

சில ஆண்டுகளுக்கு முன் அந்த வழியாக வரும்போது, பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் பிளாஸ்டிக் கூடையும் ஃப்ளாஸ்க்கும் வைத்துக்கொண்டு நின்றாள். "அக்கா, இந்தப் பக்கம் எங்கே வெந்நீர் கிடைக்கும்?" என்று கேட்டாள். திசையன்விளைக்கு அந்தப் பக்கத்து ஊர். பனையிலிருந்து விழுந்த கணவனோடு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. என் வீடு நடக்கிற தூரம்தான். வீட்டுக்கு வா என்றேன். வந்தாள். நான் அவசர அவசரமாகச் சோறு போட நினைத்தேன். அவள் கேட்டது வேறு: "கொஞ்சம் துணி துவைத்துக் காயப்போட்டுக்கொள்ளட்டுமா?" கூடைக்குள் ஈரமாகவே மடித்து வைத்த இரண்டு சேலைகள் இருந்தன. அவள் குளித்து, துவைத்து, மாடிக் கொடியில் சேலைகளை விரித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். சேலை காயும்வரை எழுப்பவில்லை. அன்று சமைத்த எதுவும் அவளுக்குப் பெரிதாக உதவவில்லை. கொடியும் குழாயும் உதவின.

மம்ரேயின் மரத்தடியில் முன்பின் தெரியாத மூவர் வந்து நின்றபோது ஆபிரகாமும் அப்பத்தைப் பிறகுதான் சொல்கிறான். முதலில் அவன் சொல்வது தண்ணீர், கால் கழுவல், மரநிழல்.

இரண்டாம் படி: வீட்டில் நாலு பொருள்

வீடு முழுவதையும் துடைத்து, திரைச்சீலை மாற்றி, ஷோகேஸ் பொம்மைகளைக் கழுவிய பிறகுதான் ஆளைக் கூப்பிடுவது என்றால் ஆயுசில் நாலு தடவை கூப்பிடலாம். எப்போதும் தயாராக இருக்க வேண்டியவை குறைவு. சுத்தமான கழிப்பறை, அங்கே ஒரு புது சோப்பு. மடித்து வைத்த இரண்டு துண்டுகள். ஒரு பாயும் தலையணையும். முற்றத்திலோ திண்ணையிலோ ஒரு மண்பானைத் தண்ணீர். சித்திரை வெயிலில் நம் ஊரில் இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. கைபேசிக்கு மின்னேற்ற ஒரு வயரைக் கூடத்திலேயே விட்டுவையுங்கள். வெளியூர்க்காரர்கள் கேட்கக் கூச்சப்படும் முதல் உதவி இப்போது அதுதான்.

டம்ளரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

என் ஆச்சி விடியற்காலை ஜெபத்தைத் தவறவிட்டதே இல்லை. சங்கீதங்களில் பாதி மனப்பாடம். அவள் வீட்டுக் கொல்லைப்புறச் சுவர் மாடத்தில் ஓர் அலுமினிய டம்ளர் கவிழ்ந்திருக்கும். துணி வெளுக்க வருகிறவருக்கும் வயலில் களை பறிக்க வருகிறவர்களுக்கும் அதில்தான் காபி. அவர்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். ஏழு வயதில் நான் விளையாட்டாக அதில் தண்ணீர் மொண்டு குடித்ததற்கு அடி வாங்கினேன். அதே ஆச்சி மாதத்தின் முதல் ஞாயிறு வெள்ளைச் சேலை உடுத்திக் கோயிலுக்குப் போய், திருவிருந்தில் ஊரார் எல்லாரும் வாய்வைத்த ஒரே கிண்ணத்தில் குடித்துவிட்டு வருவாள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் அவள் கண்ணில் படவில்லை. சபைகளின் கண்ணிலும் வெகுகாலம் படவில்லை. வடக்கன்குளத்தில் ஆலயத்தையே இரு பிரிவாகக் கட்டி நடுவே சுவர் வைத்திருந்தார்கள். 1910இல்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. கொரிந்து சபையில் ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் குடிவெறியில் இருந்ததைப் பார்த்துப் பவுல் கோபப்பட்டதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஆச்சியை எளிதாகக் குறை சொல்லிவிட்டேன். என் வீட்டில் ஆழ்துளைக் கிணறு போட ஆட்கள் வந்தபோது நான் ஒரு கட்டு காகிதக் குவளை வாங்கி வந்தேன். சுகாதாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று மாலை ஐயர் வந்தார். அவருக்கு எவர்சில்வர் டம்ளர். "அம்மா, ஐயருக்கு மட்டும் ஏன் நம்ம டம்ளர்?" என்று என் மகள் கேட்டாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

ஆகவே இந்தப் படியில் கட்டாயமான ஒரு வேலை: வீட்டில் எத்தனை வகை டம்ளரும் தட்டும் இருக்கின்றன, எது யாருக்குப் போகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். எல்லாருக்கும் ஒன்றே என்று முடிவு செய்யுங்கள். காகிதக் குவளைதான் வசதி என்றால் பேராயர் வந்தாலும் காகிதக் குவளையே கொடுங்கள்.

மூன்றாம் படி: அழைப்பது

"ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள்" என்பது நம் ஊரில் விடைபெறும் சொல். யாரும் அதை அழைப்பாக எடுத்துக்கொள்வதில்லை, நாமும் அப்படிச் சொல்வதில்லை. அழைப்பு என்றால் நாள், நேரம், சாப்பாடு, முடியும் நேரம் நான்கும் அதில் இருக்க வேண்டும். "வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேரே நம் வீடு. உளுந்தம்பருப்புச் சோறும் துவையலும்தான். மூன்று மணிக்கு உங்களைப் பஸ் ஏற்றிவிடுகிறேன்." இப்படிச் சொன்னால் வருகிறவருக்கு மூன்று பயங்கள் நீங்கும்: என்ன வாங்கிக்கொண்டு போவது, எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கும், பெரிய விசேஷமோ என்று.

என்ன சாப்பிடமாட்டீர்கள் என்று முன்பே கேட்டுவிடுங்கள். அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்களில் புரட்டாசியில் கவுச்சி சேர்க்காதவர்கள் உண்டு. வெள்ளி, செவ்வாய் பார்ப்பவர்களும் உண்டு. மேலப்பாளையத்து முஸ்லிம் நண்பர் வருகிறார் என்றால் ஹலால் கறியாக மேலப்பாளையத்துக் கடையிலேயே வாங்குங்கள், அங்கே வாங்கியதை அவரிடம் சொல்லவும் செய்யுங்கள். அல்லது அன்றைக்கு மரக்கறி வையுங்கள், பிரச்சினையே இல்லை. சமைத்த எதையும் வெளியில் சாப்பிடாதவர் ஒருவர் வந்தால் முகம் வாட வேண்டாம். நுங்கோ இளநீரோ வாழைப்பழமோ போதும். அவருடைய கட்டுப்பாட்டை மதிப்பதும் உபசரிப்பில் சேர்த்தி.

நான்காம் படி: அடுப்பு

இயேசு வீட்டுக்கு வந்தபோது அடுப்பு வேலையிலேயே நின்ற மார்த்தாளைப் பற்றி நம் பிரசங்கங்களில் அநியாயமாகப் பேசுகிறார்கள். அவள் வேலை செய்யாவிட்டால் அன்று யாருக்கும் சாப்பாடு இல்லை. ஆனால் வந்தவரோடு உட்கார முடியாத அளவுக்குச் சமையலை இழுத்துவிட்டுக்கொண்டது அவள் சிக்கல், நமக்கும் அதேதான். எனவே விருந்தாளி வருமுன் முடிந்துவிடுகிற, ஆறினாலும் கெட்டுப்போகாத சாப்பாடாகத் தேர்ந்தெடுங்கள். நம் பக்கத்தில் அதற்கென்றே செய்ததுபோல் ஒன்று இருக்கிறது, உளுந்தம்பருப்புச் சோறு.

அரிசி மூன்று பங்கு, தொலியோடு உடைத்த கறுப்பு உளுந்து ஒரு பங்கு. உளுந்தை எண்ணெய் விடாமல் வாசம் வரும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். இதில் அவசரப்பட்டால் சோறு வழவழவென்று ஆகிவிடும். உரித்த பூண்டு தாராளமாக, ஒரு தேக்கரண்டி வெந்தயம், கொஞ்சம் சீரகம், ஒரு மூடித் தேங்காய்த் துருவல், உப்பு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, அரிசியும் பருப்பும் சேர்ந்த அளவுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு தண்ணீர் விட்டுக் குக்கரில் வைத்துவிடலாம். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல்: எள்ளையும் வற்றல் மிளகாயையும் தனித்தனியே வறுத்து, புளி, பூண்டு, தேங்காய், உப்பு சேர்த்துக் கெட்டியாக அரைத்தால் முடிந்தது. இன்னும் ஒன்று வேண்டும் என்று தோன்றினால் அவியல், அல்லது முந்தைய நாளே வைத்த கருவாட்டுக் குழம்பு; அது மறுநாள்தான் ருசி. சாப்பாட்டுக்குப் பிறகு கருப்பட்டி போட்ட சுக்குக் காபி.

அரிசிக் கணக்கு: ஆளுக்கு 125 முதல் 150 கிராம். பத்துப் பேருக்கு ஒன்றரை கிலோ போதும். உடல் உழைப்புச் செய்கிறவர்களும் விடுதிப் பிள்ளைகளும் வந்தால் கூடுதலாக அரைக் கிலோ போடுங்கள். விடுதிப் பையன்கள் முதல் தடவை கூச்சப்பட்டுக் கொஞ்சமாகச் சாப்பிடுவார்கள். அதை நம்பி இரண்டாம் தடவை குறைத்துச் சமைத்து நான் அவமானப்பட்டிருக்கிறேன்.

எத்தனை பேர் வருவதாக இருந்தாலும் இலை ஒன்று கூடுதலாக நறுக்கி வைப்பது என் தாயார் பழக்கம். யாருக்கு என்று கேட்டால், "வருகிறவருக்கு" என்பாள். பாதி நாள் அது மாட்டுக்குப் போகும்.

ஐந்தாம் படி: மேசையில்

ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும். சோற்றுக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு ஆப்பிரிக்க மிஷனரிகள் வரை ஜெபிக்கிற பெரியவர் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார். அன்றைக்கு ஜெபத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். வேறு மதத்தவர் இருந்தால், "நாங்கள் சாப்பிடுமுன் நன்றி சொல்வோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஜெபியுங்கள். அவர்களும் தலைகுனிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வேண்டாம். இலைக்குப் பக்கத்தில் கைப்பிரதி வைக்காதீர்கள். இதில் என்னோடு சண்டைக்கு வருகிற சபையார் உண்டு. பசித்தவனுக்குச் சோற்றோடு சேர்த்து ஒன்றைக் கொடுத்தால், சோறு தூண்டிலாகிவிடும். வந்தவருக்கும் அது தெரியும். அவர்களாகக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். உயிர்த்தெழுந்த இயேசு, யாரென்று தெரியாமலே எம்மாவுக்குக் கூட நடந்த இரு சீஷருக்கு வழியெல்லாம் வேதத்தை விளக்கினார். அவர்களுக்குக் கண் திறந்தது அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான்.

கேள்விகளில் கவனம் வேண்டும். "எந்த ஊர்?" என்பது நல்ல கேள்வி. அடுத்து "ஊரில் எந்தத் தெரு?", "இன்னாரைத் தெரியுமா?", "அப்பா பெயர் என்ன?" என்று போகும்போது நாம் என்ன தேடுகிறோம் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். அந்தத் தேடலை உங்கள் வீட்டு மேசையில் நிறுத்திவிடுங்கள். மாமாவோ பெரியப்பாவோ ஆரம்பித்தால் பேச்சை மழைக்கோ மாம்பழத்துக்கோ மாற்றுங்கள்.

"இன்னும் கொஞ்சம்" என்று இரண்டு தடவை சொல்லலாம். மூன்றாம் தடவை அது வம்பு. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கிற காலத்தில், வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

சமைத்தவர்களும் அதே பந்தியில் உட்கார வேண்டும். ஆண்கள் சாப்பிட்டு எழுந்து, பிள்ளைகள் எழுந்து, கடைசியில் அடுப்படியில் பெண்கள் சட்டியை வழித்துச் சாப்பிடும் வழக்கத்தை நான் அறுபது வயதுக்குப் பிறகுதான் விட்டேன். பாத்திரங்களை நடுவில் வைத்துவிட்டால் யாரும் பரிமாற நிற்கவேண்டியதில்லை. வந்த விருந்தாளி ஒரு பெண்ணாக இருந்தால், வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்வரை அவளுக்குச் சோறு இறங்காது.

ஆறாம் படி: தங்க வருகிறவர்கள், கதவைத் தட்டுகிறவர்கள்

இங்கே அன்போடு கொஞ்சம் எச்சரிக்கையும் வேண்டும். இது அவிசுவாசம் அல்ல. ஆதித் திருச்சபையின் போதனைத் தொகுப்பான டிடாக்கே, ஊர் ஊராக வரும் ஊழியர் ஒருநாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள், மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. புறப்படும்போது அடுத்த இடம் சேரும்வரைக்கான அப்பம் கொடு, பணம் கேட்டால் அவரும் கள்ளரே என்றும் சொல்கிறது. அங்கேயே தங்கிவிட விரும்புகிறவர் தொழில் செய்து சாப்பிடட்டும் என்பதும் அதில் உண்டு. கதவைத் திறந்து வைத்திருந்தவர்கள் எழுதிய விதிகள் இவை.

என் விதிகளும் அந்த வழியில்தான். முன்பின் தெரியாதவரை இரவு தங்கவைப்பதை வீட்டில் எல்லாரும் சம்மதித்தால் மட்டுமே செய்வேன். ஒருவருக்குத் தயக்கம் என்றாலும் சபை விடுதியிலோ வேறிடத்திலோ ஏற்பாடு செய்துவிட்டுச் சாப்பாட்டை மட்டும் நான் கொடுப்பேன். யார் தங்குகிறார் என்பதை ஐயருக்கோ பக்கத்து வீட்டுக்கோ சொல்லிவைப்பேன். சிறு பிள்ளைகள் படுக்கும் அறையில் எந்த விருந்தாளிக்கும் இடம் இல்லை, எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும். பெண் தனியாக இருக்கும் வீட்டில் முன்பின் தெரியாத ஆணை உள்ளே அழைக்காதது பாவம் அல்ல. பணமாகக் கேட்பவருக்குச் சோறாகவோ பஸ் டிக்கெட்டாகவோ மருந்தாகவோ கொடுங்கள்.

குடித்துவிட்டு வந்து பசிக்கிறது என்று நிற்கிறவரை உள்ளே விடமுடியாத நாளும் வரும். அவரைத் திண்ணையில் உட்காரவைத்தால், உங்கள் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்த் திண்ணையில் உட்காருங்கள்.

ஏழாம் படி: தனி வீட்டைத் தாண்டி

ஒரு வீடு தாங்காததை ஊர் தாங்கும். அதற்கு நம்மிடம் இரண்டு பழைய ஏற்பாடுகள் இருக்கின்றன, இரண்டும் தேய்ந்துகொண்டு வருகின்றன.

ஒன்று பிடியரிசி. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது. என் கைப்பிடி ஏறத்தாழ 50 கிராம். நாளுக்கு ஒரு பிடி என்றால் மாதம் ஒன்றரை கிலோ; மேலே சொன்ன கணக்கில் அது பத்துப் பேர் ஒருவேளை சாப்பாடு. இப்போது பல வீடுகளில் அதற்குப் பதிலாக மாதக் கடைசியில் கவரில் பணம் போட்டுச் சபைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கணக்குக்கு அது எளிது. ஆனால் ஒவ்வொரு வேளையும் வராத ஒருவரை நினைத்துக் கை அரிசிக்குள் போவது அதில் இல்லை. பானையைத் திரும்ப வையுங்கள். அந்த அரிசியைக் காணிக்கையாகவும் கொடுக்கலாம், மாதம் ஒருநாள் உங்கள் வீட்டு மேசைக்கும் எடுக்கலாம்.

மற்றது அசனம். ஸ்தோத்திரப் பண்டிகையையும் பிரதிஷ்டைப் பண்டிகையையும் ஒட்டி ஊர் முழுக்க ஒரே அடுப்பில் சமைத்து உண்பது. வீட்டுக்கு வீடு அரிசி, ஆட்டுக்குட்டி, தேங்காய், கத்தரிக்காய் என்று வரும்; கோயில் வளாகத்தில் விடிய விடிய அடுப்பு எரியும். கொடுத்தவர் யார், கொடாதவர் யார் என்று இலைக்குத் தெரியாது. என் பார்வையில் நெல்லைச் சீமைச் சபைகள் செய்கிற மிக நல்ல காரியம் இதுதான். ஆனால் நான் பார்த்த ஓர் அசனத்தில் பெரிய வாளிகள் வரிசையில் முன்னால் நின்றன. வாளிக்காரர்கள் வாங்கிப் போனபிறகு, வளாகத்தைக் கூட்டிப் பெருக்கிய பெண்களுக்குக் குழம்பு தீர்ந்துபோயிருந்தது. நானும் அன்று ஒரு தூக்குச்சட்டியோடு முன்வரிசையில்தான் நின்றேன்.

உங்கள் ஊரில் அசனப் பொறுப்பு உங்கள் கையில் வந்தால் இவற்றை மாற்றிப் பாருங்கள். முதல் அண்டா திறந்ததும் முதல் பங்கு நடக்கமுடியாதவர்கள் வீட்டுக்குப் போகட்டும், வாலிபர்கள் சைக்கிளில் கொண்டுபோகலாம். முதல் பந்தியில் துப்புரவுப் பணியாளர்களும், வேலைக்கு வந்திருக்கும் வெளிமாநிலத்தவரும், கூப்பிட்டால்தான் வருகிற பக்கத்துத் தெருக்காரர்களும் உட்காரட்டும். கமிட்டியார் பரிமாறிவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்காரட்டும். வீட்டுக்குக் கொண்டுபோகிற வாளிகள் அதற்கும் பிறகு. முதல் ஆண்டு முணுமுணுப்பு வரும். "முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள்" என்று பேதுரு எழுத வேண்டி வந்ததே அன்றைக்கும் முறுமுறுப்பு இருந்ததால்தான்.

எட்டாம் படி: எத்தனை நாளுக்கு ஒரு தடவை

மாதம் ஒரு ஞாயிறு. எந்த ஞாயிறு என்று குறித்துவிடுங்கள், எங்களுக்கு இரண்டாவது. இரண்டு அல்லது மூன்று விருந்தாளிகள், அதற்கு மேல் வேண்டாம். உடம்புக்கு முடியாத மாதம் விட்டுவிடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். கிறிஸ்துமஸுக்குப் பெரிதாகச் செய்துவிட்டுப் பதினோரு மாதம் கதவை மூடிவைப்பதைவிட இது நடக்கக்கூடியது.

ஒன்பதாம் படி: நீங்கள் விருந்தாளியாகப் போவது

இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் இதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. இயேசு சீஷர்களை அனுப்பியபோது பணப்பையும் சாமான்பையும் இல்லாமல் அனுப்பினார். போன வீட்டில் வைப்பதைச் சாப்பிடுங்கள் என்றார். வாங்கத் தெரியாதவன் கொடுக்கும்போது கை உயரத்தில் இருக்கும். நம்மைவிட இல்லாதவர் அழைத்தால், "எதற்கு உங்களுக்குச் சிரமம்" என்று தட்டிக்கழிப்பது பணிவுபோல் தோன்றும். அழைத்தவருக்கு அது அடி. போங்கள். வெறுங்கையோடு போக மனம் வராவிட்டால் ஒரு சீப்பு வாழைப்பழம் போதும், பெரிய பை வேண்டாம். வைத்ததை முழுக்கச் சாப்பிடுங்கள்.

துணி காயப்போட்ட அந்தப் பெண் தை மாதம் ஒரு கட்டுப் பனங்கிழங்கோடு வீட்டுக்கு வந்தாள். கணவன் எழுந்து நடக்கிறான், இனி மரம் ஏற முடியாது என்றாள். "ஒருநாள் நம் வீட்டுக்கு வாருங்கள் அக்கா" என்றாள். நான் வழக்கம்போல் தலையாட்டினேன். அவள் விடவில்லை. "ஞாயிறு நாலு மணிக்கு வாருங்கள். காபிதான்."

போனேன். திசையன்விளையில் இறங்கி இன்னொரு பஸ். ஓலைச் சாய்ப்பு இறக்கிய ஓட்டு வீடு. கணவன் கட்டிலில் இருந்து எழப் பார்த்தான், வேண்டாம் என்றேன். அவள் கருப்பட்டிக் காபி போட்டு, சுவர்ப் பலகையிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அதில் அவளுடைய மகளின் பெயர் வெட்டியிருந்தது; சடங்குக்கு வந்த சீராக இருக்கும். வீட்டில் அப்படி ஒன்றுதான் இருந்தது போலும். சூடு தாங்காமல் துண்டைச் சுற்றிப் பிடித்து ஊதி ஊதிக் குடித்தேன். முடித்ததும் வாங்கி, ஒரு கை தண்ணீரில் அலசிவிட்டு, மீதிக் காபியை அதே டம்ளரில் தனக்கு ஊற்றிக்கொண்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். நானும் நாற்காலியை விட்டு இறங்கி உட்கார்ந்தேன்.